ஏற்காட்டு நெட்டும் நாலு செகண்டும்

ஜூலை 8

இன்றைக்கும் மீட்டிங் நடுவில் நெட் போய்விட்டது. சேலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காட்டுக்கு வந்தபோதே அக்கா சொன்னாள், மலை மேலே கரண்டே ஒழுங்காக நிற்காது என்று. கரண்ட் நிற்கிறது, நெட்தான் நிற்கவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு, சிவப்பு இல்லை. போன் போட்டால் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்'. நாலு தடவை பண்ணியாச்சு.

ஜூலை 9

பிங் அடித்தேன், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் 192.168.1.1, அதாவது வீட்டு ரவுட்டர்: 2 மில்லிசெகண்டில் பதில், ஒன்றுகூட விடுபடவில்லை. சரி, வைஃபை மேல் பழி இல்லை. அடுத்து 8.8.8.8, வெளியே இருக்கிற கூகுள் சர்வர். மூன்று வந்தது, ஒன்றுக்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. இந்த வரியை இத்தனை நாள் 'லைன் கட்' என்றே படித்திருக்கிறேன். விண்டோஸ் பிங் 4 செகண்ட் காத்திருக்கும், அதற்குள் பதில் வரவில்லை, அவ்வளவுதான் செய்தி. போனது தொலைந்ததா, திரும்பி வந்தது தொலைந்ததா, அந்தப் பக்கம் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டதா, ஒன்றும் தெரியாது. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' வேறு ரகம். கதவைத் தட்டும்போது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து 'அவங்க ஊர்ல இல்லீங்க' என்கிற மாதிரி, யாரோ ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 11

டிரேசர்ட் ஓட்டினேன், போகிற வழியில் இருக்கிற ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை. மூன்றாவது வரியில் வெறும் நட்சத்திரம், அதாவது பதில் இல்லை. பிடித்துவிட்டேன் என்று குதித்து, 'உங்க மூணாவது ரவுட்டர் செத்துப்போச்சு' என்று போனில் சண்டை. லைன்மேன் அண்ணா பொறுமையாகக் கேட்டார், 'நாலாவதுல பதில் வருதுங்களா?' வருகிறது, ஒன்பதாவது வரை. 'அப்ப மூணாவது வழியாத்தானே போயிட்டு வருது?' அசடு வழிந்தது. பல ரவுட்டர்கள் பாக்கெட்டை, அதாவது நாம் அனுப்புகிற தகவல் துண்டை, ஒழுங்காகக் கடத்திவிடும், இந்த மாதிரி விசாரணைக்குப் பதில் போடத்தான் மெனக்கெடாது.

ஜூலை 13

மைனஸ் டி (நிறுத்தும்வரை ஓடு என்று அர்த்தம்) சேர்த்து பிங்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அது நேரம் போடாது, அதனால் கண்விழித்து, மகளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன். இரண்டு மணி வரை சுத்தம். காற்று எழும்பியதும் ஐந்தாறு டைம் அவுட் கொத்தாக, அப்புறம் சரியாகிறது, மறுபடி ஒரு கொத்து.

ஜூலை 14

அண்ணா பவர் மீட்டரோடு வந்தார். எங்கள் நெட் ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் வெளிச்சமாக வருவது. மோடத்துக்கு வருகிற வெளிச்சம் மைனஸ் 27 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் அதிகம்), தாக்குப்பிடிக்கிற எல்லையிலேயே நிற்கிறது. காப்பித் தோட்ட வேலியோரம் சில்வர் ஓக் மரத்துக் கொக்கியில் கேபிள் முழங்கை மாதிரி மடிந்திருந்தது, மரம் ஆட ஆட இன்னும் மடிந்தது. ஃபைபரை அப்படி மடித்தால் வெளிச்சம் அந்த இடத்திலேயே கசிந்துவிடும். அவர் மரத்தடியில் நிமிர்த்திப் பிடிக்க, நான் வீட்டுக்குள்ளிருந்து மீட்டரைப் பார்த்துக் கத்தினேன்: 25... 23... 21! பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டினார்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, 'அடுத்த தடவை மூணாவது ரவுட்டருன்னு சொல்லாதீங்க, காத்தடிச்சா போகுதுன்னு சொல்லுங்க' என்றார். பில்லில் ஒரு வாரத்தைக் கழிக்கச் சொல்ல நினைத்திருந்தேன், மறந்துவிட்டது.