ஃபினிட்டாயின் அளவு 8: டோஸ் கூட்டுவதற்கு முன் வார்டில் நாங்கள் பார்த்தவை

மருந்தகப் படிப்பான ஃபார்ம்.டி.யின் ஐந்தாம் ஆண்டில், உடம்பில் மருந்தின் அளவைக் கணக்கிடும் கிளினிக்கல் ஃபார்மகோகைனடிக்ஸ் பாடமும் வார்டு கிளர்க்‌ஷிப்பும் சேர்ந்தே வருகின்றன. வலிப்புக்கு ஃபினிட்டாயின் சாப்பிடும் ஒருவருடைய ரத்த அளவு 8 மைக்ரோகிராம்/மி.லி. என்று லேபிலிருந்து வருகிறது. இருக்க வேண்டியது 10 முதல் 20 வரை என்று படித்திருக்கிறோம். 'டோஸ் கூட்டலாம்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். அந்த 8 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு அரை நாள் பிடித்தது. கணக்குப் போட்டது கடைசிக் கால் மணி நேரம்தான்.

முதலில் நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேச வேண்டும். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் "போடறனுங்க" என்ற பதில்தான் வரும். "நேத்து சாயங்காலத்திலிருந்து எப்பெப்ப போட்டீங்க, எதுல இருந்து எடுத்துப் போட்டீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களிடம் ஷிப்டையும் கேட்டே ஆக வேண்டும். "ராத்திரி தறிக்குப் போயிட்டு விடியக்காலம் வந்துதானுங்க சாப்பிட்டுப் படுப்பாரு, அப்பத்தான் ராத்திரி மாத்திரைய போடுவாரு" என்று வீட்டம்மா சொன்னால், கேஸ் ஷீட்டில் 'இரவு 9 மணி' என்று இருப்பதற்குப் பொருளே இல்லை. ஷிப்டு மாறும் நாளில் ஒரு வேளை மாத்திரை விட்டுப்போவது சாதாரணம். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மருந்து போதாமல்தான் வலிப்பு வந்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

வீட்டிலிருக்கும் அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மாத்திரையில் இருப்பது ஃபினிட்டாயின் சோடியம்; 100 மி.கி.யில் உண்மையான ஃபினிட்டாயின் 92 மி.கி.தான். சிரப் போலிருக்கும் சஸ்பென்ஷனில் இருப்பது உப்பு சேராத ஃபினிட்டாயின். அதிலும் 5 மி.லி.க்கு 30 மி.கி. உள்ளது உண்டு, 125 மி.கி. உள்ளதும் உண்டு. 'ஒரு ஸ்பூன்' என்று மட்டும் எழுதிவைத்தால் நான்கு மடங்கு வித்தியாசம் வரும். குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கிவிடும். பாட்டில் தொடங்கும்போது டோஸ் குறையும், தீரப்போகும்போது ஏறும்.

கூடவே சாப்பிடும் மருந்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். டி.பி.க்கான ஐசோனியசிட் ஃபினிட்டாயின் அளவை ஏற்றும். ஃபோலிக் அமிலம் இறக்கும். மூக்கு டியூப் வழியாக உணவு போகிறவர்களுக்கு, டோஸுக்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் அந்த உணவை நிறுத்தி வைக்காவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதற்கு வார்டு சிஸ்டரின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அடுத்தது ரத்தம். காலை டோஸுக்கு முன் எடுப்பது நல்லது. ஜெல் உள்ள டியூபைத் தவிர்த்து, ஜெல் இல்லாத சிவப்பு மூடி டியூபைக் கேட்டு வாங்குங்கள். ஜெல் ஃபினிட்டாயினைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், சாம்பிள் நெடுநேரம் அதில் நின்றால் அளவு பொய்யாகக் குறையும். மருந்து ஏறும் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, மறு கையில் எடுக்க வேண்டும். லேபில் பதிவாகும் நேரம் சாம்பிள் அங்கே போய்ச் சேர்ந்த நேரம். நமக்கு வேண்டியது ஊசி குத்திய நேரம். அதைப் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்து எழுதுவது மாணவருடைய வேலை.

இதெல்லாம் சரியாக இருந்து, அப்போதும் 8 என்றால், பார்க்க வேண்டியது ரத்தத்திலுள்ள புரதமான அல்புமின். ஃபினிட்டாயின் சுமார் 90 சதவீதம் அல்புமினோடு ஒட்டியிருக்கும், வேலை செய்வது ஒட்டாத மீதி 10 சதவீதம். லேப் அளப்பது மொத்தத்தை. அல்புமின் குறைந்தவருக்கு மொத்தம் குறைவாகத் தெரிந்தாலும் ஒட்டாத பங்கு போதுமானதாக இருக்கலாம். இதைத் திருத்தும் ஷைனர்-டோஸர் சமன்பாட்டில் அல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டி, வந்த எண்ணால் அளந்த அளவை வகுக்க வேண்டும். அல்புமின் 2 கிராம்/டெசிலிட்டர் என்றால் 0.2 × 2 + 0.1 = 0.5, 8 ÷ 0.5 = 16. டோஸ் கூட்ட வேண்டியதே இல்லை! சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு 0.2-க்குப் பதில் 0.1 போட வேண்டும். அப்போது இதே 8 சுமார் 27 ஆகிவிடும், அது நச்சு எல்லை. அல்புமின் அலகு கிராம்/லிட்டரில் இருந்தால் முதலில் 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு மதிப்பீடுதான். ஒட்டாத ஃபினிட்டாயினை நேரடியாக அளக்கும் வசதி கிடைத்தால் அதை நம்புங்கள்; அதன் எல்லை 1 முதல் 2.

அல்புமினும் சரியாக இருந்து 8 உண்மையான 8 என்றால்தான் டோஸ் பேச்சு. இங்கேதான் ஃபினிட்டாயின் மற்ற மருந்துகளிலிருந்து பிரிகிறது. அதைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம் சிகிச்சை அளவிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். இந்த நிரம்பலைக் கணக்கிடும் மைக்கேலிஸ்-மென்டன் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால்தான் இதன் பயம் புரியும். எடை 60 கிலோ என்போம். வி-மேக்ஸ் (உடம்பு ஒரு நாளில் சிதைக்கக்கூடிய உச்ச அளவு) கிலோவுக்கு 7 மி.கி. வீதம் நாளுக்கு 420 மி.கி., கே.எம். (அந்த உச்ச வேகத்தில் பாதி நடக்கும்போது ரத்தத்திலுள்ள அளவு) லிட்டருக்கு 4 மி.கி. என்ற பொதுவான மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 300 மி.கி. மாத்திரை என்றால் உள்ளே போவது 276 மி.கி. கே.எம்.மை 276-ஆல் பெருக்கி, வி-மேக்ஸில் 276 போக மீதமுள்ள 144-ஆல் வகுத்தால் 7.7. மாத்திரை 350 ஆனால் அளவு 13.1. 400 ஆனால் 28.3! 300-லிருந்து 400 என்பது காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு, ரத்தத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அளவு 7-க்கும் 12-க்கும் இடையில் இருப்பவருக்கு 50 மி.கி.க்கு மேல் ஒரே தடவையில் கூட்டக் கூடாது, 12-ஐத் தாண்டியவருக்கு 30 மி.கி.க்கு மேல் கூடாது என்ற நடைமுறை விதி இதனால்தான். 'இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக்கலாம்' என்பது இந்த மருந்தில் ஆபத்தான வாக்கியம்.

கணக்கை முடித்துவிட்டு நோயாளியின் கண்ணைப் பாருங்கள். விரலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கண்மணி துடித்தால் (நிஸ்டாக்மஸ்) அளவு 20-ஐத் தாண்டியிருக்கலாம்; நடை தள்ளாடினால் 30-ஐ ஒட்டி இருக்கலாம். ரிப்போர்ட் 8 என்று சொல்லி நடை தள்ளாடினால், நான் நடையைத்தான் நம்புவேன்.

வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கிலும் இப்படி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் உண்டு. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். காலை 8 முதல் 9 வரை ஏறுகிறது. 10 மணிக்கு எடுத்தது 30, இரவு 7:30-க்கு எடுத்தது 12. 30-ஐ 12-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்து, இடையிலுள்ள 9.5 மணியால் வகுத்தால் வெளியேற்ற மாறிலி 0.096, அரை ஆயுள் சுமார் 7.2 மணி. ஏறி முடிந்த நேரத்துக்குப் பின்னோக்கிப் போனால் 33, அடுத்த டோஸ் நேரத்தில் 11.4. 24 மணிநேர ஏ.யு.சி. (நாள் முழுதும் ரத்தத்தில் இருந்த மருந்தின் கூட்டு அளவு) சுமார் 490 வருகிறது. 2020-ல் வந்த வழிகாட்டுதல் கேட்பது 400 முதல் 600. பழைய முறையில் டிரஃப் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் உள்ள அளவு) 15 முதல் 20 வேண்டும் என்று பார்த்திருந்தால் இவருக்கு வீணாக டோஸ் ஏறி, சிறுநீரகம் அடிபட்டிருக்கும்.

டாக்டரிடம் சொல்லும்போது சமன்பாட்டை விவரிக்காதீர்கள். ரவுண்ட்ஸில் நிற்கும் நேரம் குறைவு. "சார், ஃபினிட்டாயின் 8, அல்புமின் 2, திருத்தினால் 16 வருது. நிஸ்டாக்மஸ் இல்லை. இதே டோஸ் தொடரலாம்னு நினைக்கிறோம்" என்றால் போதும். கணக்கு முழுவதும் எடை, சாம்பிள் நேரம், கடைசி டோஸ் நேரத்தோடு குறிப்பில் இருக்கட்டும்.

டோஸ் மாற்றினால் அடுத்த சாம்பிள் இரண்டு மூன்று வாரம் கழித்து. அளவு ஏற ஏற நிலைபெறும் காலமும் நீளும், ஒரு வாரத்தில் எடுத்தது பாதி வழியில் நிற்கும் எண்ணாக இருக்கலாம். அந்தியூரிலிருந்தோ கோபியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவரிடம் வார்டை விட்டுப் போகும்போதே சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்: அன்றைக்குக் காலை மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டுவர வேண்டும், ரத்தம் எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும்.