ம் கொட்டும் கால்குலேட்டர்கள்

நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் கணித உதவி மையத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பதவிப் பெயர் டியூட்டர். உண்மையில் பாதி நேரம் கால்குலேட்டர் மேய்க்கிற வேலை. ஒரு அலமாரி நிறைய டிஐ-83 பிளஸ்ஸும் டிஐ-84 பிளஸ்ஸும் இருக்கும். டிஐ என்றால் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இந்தக் கால்குலேட்டர்களைச் செய்யும் நிறுவனம். செமஸ்டர் தொடக்கத்தில் மாணவர்களுக்கு இரவல் கொடுக்க வேண்டும், கடைசியில் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு டிரிபிள் ஏ பேட்டரி மாற்ற வேண்டும். தேர்வுக்கு முன் ரீசெட் செய்து, ‘ரேம் க்ளியர்டு’ என்று திரையில் வந்ததை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தேர்வு முடிந்ததும், அழித்த புரோகிராம்களை எல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

நான் பிளஸ் டூவில் கிளார்க்ஸ் டேபிள் என்ற லாகரிதம் புத்தகத்தைப் புரட்டியவள். இன்ஜினியரிங்கில் கேசியோ எஃப்எக்ஸ்-991. கால்குலேட்டரில் கோடு வரையலாம் என்பதே இங்கே வந்துதான் தெரியும். அதற்கு ஒரு காதும் உண்டு என்பது அடுத்த ஆச்சரியம். 83-க்கு அடிப்பக்கம், 84-க்குத் தலைப்பக்கம். பார்த்தால் இயர்போன் துளை மாதிரி இருக்கும், ஆனால் இயர்போன் நுழையாது, இது 2.5 மில்லிமீட்டர், அது 3.5. வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பையன் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், இது உடைஞ்சிருக்கு” என்று கொண்டுவந்தான்.

இரண்டு கால்குலேட்டர்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கேபிள். வாங்குகிறவர் முதலில் ரிசீவ் அழுத்தி ‘வெயிட்டிங்’ வரும்வரை பார்க்க வேண்டும், அப்புறம்தான் கொடுக்கிறவர் டிரான்ஸ்மிட் அழுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எரர். பிளக்கைக் கடைசி ‘டக்’ வரை அழுத்தாவிட்டாலும் எரர். வந்த புகார்களில் முக்கால்வாசியை நான் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தித்தான் தீர்த்தேன்.

முப்பது கருவிக்கு ஒவ்வொன்றாக ஏற்றி அலுத்துப்போன ஒரு மாலையில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. எலக்ட்ரானிக்ஸ் படித்த திமிர் வேறு. ஆன்லைனில் 2.5 மில்லிமீட்டர் ஸ்பிளிட்டர், அதாவது ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான், ஒன்று வாங்கினேன். ஒரு 84-இலிருந்து இன்னொரு 84-க்கும் ஒரு 83-க்குமாக மாட்டி, அனுப்பினேன். எரர். கேபிளை மாற்றினேன். எரர். கட்டைவிரல் வைத்தியமும் பலிக்கவில்லை. அப்போதுதான் உட்கார்ந்து, அந்தத் துளைக்குள் என்ன நடக்கிறது என்று படித்தேன்.

உள்ளே மூன்று தொடர்புகள். ஒன்று கிரவுண்ட், மற்ற இரண்டும் டேட்டா கம்பிகள். சும்மா இருக்கும்போது இரண்டும் மேல் வோல்டேஜில் நிற்கும். எந்தப் பக்கத்துக் கால்குலேட்டரும் எந்தக் கம்பியையும் கீழே இழுக்கலாம். பூஜ்ஜியம் அனுப்ப முதல் கம்பியை இழு, ஒன்று அனுப்ப இரண்டாவதை இழு. கேட்கிற கருவி அதைப் பார்த்ததும் மற்ற கம்பியை இழுத்து ‘வந்தது’ என்று சொல்லும். அனுப்பியவர் தன் கம்பியை விடுவார், பிறகு கேட்டவர் விடுவார். அதோடு ஒரு பிட் முடிந்தது. எட்டுத் தடவை இப்படி நடந்தால் ஒரு பைட்.

படித்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. கதை சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நிற்கும். இங்கேயும் கடிகாரம் கிடையாது, வேக ஒப்பந்தம் கிடையாது, ‘ம்’ மட்டும்தான். 83 பிளஸ் ஓடுவது 6 மெகாஹெர்ட்ஸில், 84 பிளஸ் 15-இல். ஆனாலும் இரண்டும் தகராறு இல்லாமல் பேசிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். மெதுவானது ‘ம்’ சொல்லும்வரை வேகமானது காத்திருக்கும்.

என் ஸ்பிளிட்டர் தோற்றதும் இதனால்தான். இரண்டு பேர் கதை கேட்கிறார்கள், ஒருத்தி சுறுசுறுப்பு, இன்னொருத்தி தூக்கக் கலக்கம். சுறுசுறுப்புக்காரி ‘ம்’ என்றதும் பாட்டி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவாள். கம்பியிலும் அப்படியே. யார் முதலில் இழுத்தாலும் கம்பி கீழே வந்துவிடும், அனுப்பும் கருவி அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பின்தங்கிய 83-க்கு அந்த பிட் தவறலாம். வேடிக்கை என்னவென்றால் விடும்போது கதை தலைகீழ். எல்லாரும் கையை எடுத்தால்தான் கம்பி மேலே ஏறும். அதாவது தொடங்கும்போது வேகமானவர் ராஜ்ஜியம், முடிக்கும்போது மெதுவானவர் ராஜ்ஜியம். இது போதாதென்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்கும் கருவி ‘சரி, அனுப்பு’ என்று தன் பங்குக்கு ஒரு செய்தியைத் திருப்பி அனுப்பும். அதை இரண்டும் ஒரே கம்பியில் ஆளுக்கொரு வேகத்தில் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒன்று ஒரு கம்பியை இழுத்திருக்க, மற்றது இன்னொன்றை இழுக்கும். கூச்சல்தான்.

முடியவே முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. கிறிஸ்டோபர் மிட்செல் என்பவர் கால்க்நெட் என்று ஒன்றை எழுதினார். அதே துளை, அதே மூன்று தொடர்பு. டிஐ கொடுத்த பேச்சுமுறையை மட்டும் ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி உண்டு, பேசும் முன் கம்பி சும்மா இருக்கிறதா என்று பார்க்கும் ஒழுங்கும் உண்டு. பல கால்குலேட்டர்களை ஒரே கம்பியில் கோர்த்து விளையாட வைத்தார். ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை நடுவில் வைத்து இணையத்தோடும் சேர்த்தார். டிஐ நிறுவனமே வகுப்பறைக்கென நேவிகேட்டர் என்று ஒன்றை விற்றது. அதில் நான்கு மாணவர்களின் கால்குலேட்டர்கள் ஒரு ஹப்பில் மாட்டப்படும், ஹப் ஆசிரியரின் கணினியோடு வயர்லெஸ்ஸில் பேசும். அழகான ஏற்பாடுதான். எங்கள் மையத்துக்கு பேட்டரி வாங்கவே மூன்று கையெழுத்து வேண்டும், அதனால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் பிரச்சினையைத் தீர்த்தது அந்த ‘உடைஞ்சிருக்கு’ பையன்தான். நான் வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “ஏன் நீங்க மட்டுமே அனுப்பறீங்க? வாங்கினவங்களும் அனுப்பலாமே?” என்றான். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஐந்தாவது சுற்றில் முப்பத்திரண்டு. கேபிளுக்குப் பஞ்சமில்லை; ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று வந்ததால் இழுப்பறை நிறையக் கிடந்தது. அடுத்த தேர்வு முடிந்ததும் வகுப்பையே ஜோடி ஜோடியாக உட்காரவைத்தோம். அதே பெயரில் பழைய புரோகிராம் வைத்திருந்த ஒருத்தி, ‘மேலெழுதவா, விடவா’ என்று கருவி கேட்ட கேள்விக்கு முன்னால் யோசித்துக்கொண்டே இருந்ததில் மட்டும் கொஞ்சம் தாமதம்.

2015-இல் டிஐ-84 பிளஸ் சிஇ வந்தது. கலர் திரை, சார்ஜ் செய்யும் பேட்டரி, யுஎஸ்பி. வட்டத் துளை இல்லை. அந்த வருடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியிடம் அக்காவின் பழைய 83, அதில் அக்கா எழுதிய புரோகிராம். மற்றவளிடம் புத்தம்புது சிஇ. இரண்டையும் நேராக இணைக்க என்னிடம் கேபிள் இல்லை. கணினி வழியாக ஏற்றலாம், நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர்கள் காத்திருக்கவில்லை. மூலை மேஜையில் உட்கார்ந்து ஒருத்தி வரி வரியாகப் படித்தாள், மற்றவள் தட்டினாள். ஒவ்வொரு வரி முடிந்ததும், தலையைத் தூக்காமலே, “ம்ஹ்ம்” என்றாள்.