ஏசி போட்டா ஆஃப் ஆன காரு, த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணி சரியான அனுபவம்

கடலூர்ல இருந்து பாண்டிக்கு வேலைக்குப் போயிட்டு வர்றவன் நான். வண்டி பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. ரோட்ல ஓடுறப்ப ஒரு குறையும் சொல்ல முடியாது, நின்னாதான் வம்பு. தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஊர்ந்து ஊர்ந்து போயி மரப்பாலம் சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் முள்ளு 750ல நிக்காம 500க்கு விழும், திரும்ப ஏறும், ஸ்டியரிங் கையில நடுங்கும், அந்த நேரம் பார்த்து ஏசி கம்ப்ரஸர் எடுத்துச்சுன்னா பொசுக்குனு ஆஃப். சித்திரை வெயில்ல ஏசிய அணைச்சிட்டு ஓட்டுற நிலைமை.

ஒரு ஒர்க்‌ஷாப்ல பார்த்துட்டு த்ராட்டில் பாடியே (இன்ஜினுக்குள்ள போற காத்த கூட்டிக் குறைக்குற பாகம்) போச்சு, புதுசுதான் போடணும்னுட்டாங்க. ரேட்ட கேட்டதும் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். செம்மண்டலத்துல எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வண்டிங்கள பார்க்குற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட சொன்னதும், "ஸ்லோ (சும்மா நிக்கிறப்ப இன்ஜின் ஓடுற வேகம்) மட்டும்தான தம்பி நிக்கல, ஓட்டத்துல நல்லா இழுக்குதுல்ல? அப்ப கழட்டித் தொடச்சுப் பாரு, மாத்துறத அப்புறம் பேசுவோம்"னாரு. பிளக்கையும் வேக்கம் ஹோஸ்ல வெடிப்பு இருக்கான்னும் மொதல்ல பார்த்துட்டாரு, ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு.

அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வண்டி சும்மா நிக்கிறப்ப இன்ஜினுக்கு வேண்டிய காத்து த்ராட்டில் பாடிக்குள்ள திறந்து மூடுற பட்டர்ஃபிளை தட்டோட ஓரத்துல இருக்குற மெல்லிசான சந்து வழியாத்தான் போகுது. இன்ஜினுக்குள்ள இருந்து வர்ற ஆயில் புகைய பிசிவி வால்வு திரும்ப காத்து உள்ள போற இன்டேக்குக்கே அனுப்பும், அது நாளாக நாளாக அந்த ஓரத்துலயே பிசினா படிஞ்சு சந்த அடைச்சிரும். இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியூ தட்ட கொஞ்சம் கொஞ்சமா கூடத் திறந்து சமாளிக்கும், ஒரு அளவுக்கு மேல அதாலயும் முடியாது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா தட்டு அகலத் திறந்துக்கும், அதனாலதான் ஓட்டத்துல ஒண்ணுமே தெரியல.

மஞ்சக்குப்பத்துல 400 ரூபாய்க்குள்ள ஒரு த்ராட்டில் பாடி க்ளீனர் ஸ்ப்ரே வாங்கினேன். கடையில கார்புரேட்டர் க்ளீனர நீட்டுனாங்க, வேணாம்னுட்டேன். சில த்ராட்டில் பாடிக்கு உள்ள ஒரு கோட்டிங் இருக்கும், காட்டமான க்ளீனர் அத அரிச்சிரும். ஸ்ப்ரே சட்டுனு தீப்பிடிக்கும், அதனால இன்ஜின் நல்லா ஆறின பிறகு வெட்டவெளியில நிறுத்தி, பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஆரம்பிச்சேன். ஏர் ஹோஸ் கிளிப்ப லூஸ் பண்ணி ஹோஸ எடுத்தா உள்ள பளபளன்னுதான் இருந்துச்சு, என்னடா இதுன்னு இருந்துச்சு. வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடல் காத்துல நாலு போல்ட்டும் துரு பிடிச்சிருந்துச்சு, ஒயர் மாட்டுற கப்ளர் பின்ல லேசா பச்சை பூத்திருந்துச்சு. துரு எண்ணெய் விட்டு ஊற வச்சு 10 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர்ல பொறுமையா கழட்டி பாடிய திருப்பிப் பார்த்தா தட்டோட பின்பக்கம் முழுக்க தோசைக்கல் ஓரம் மாதிரி கருப்பா அப்பியிருக்கு.

இங்க ரெண்டு விஷயத்துல கண்டிப்பா கவனம் வேணும். மோட்டார் வச்சு திறக்குற எலக்ட்ரானிக் த்ராட்டில்னா தட்ட விரலால அமுக்கித் திறக்காதீங்க, உள்ள இருக்குற சின்ன பிளாஸ்டிக் கியர் போயிரும். ஸ்ப்ரேய மோட்டார், சென்சார் இருக்குற பக்கம் நேரா அடிக்காதீங்க. பனியன் வேஸ்ட் துணியில ஸ்ப்ரே அடிச்சு, ஓரத்துக்கு மட்டும் பழைய டூத் பிரஷ் வச்சு தேய்ச்சேன். கப்ளர் பின்னையும் சுத்தம் பண்ணி காய விட்டு, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்ட குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணேன்.

ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் 1500ல போய் நிக்குது! பலரும் பயந்து போறது இந்த இடத்துலதான். அழுக்கு இருந்தப்ப எவ்வளவு திறக்கணும்னு ஈசியூ பழகி வச்சிருக்கும், சந்து சுத்தமானதும் அதே திறப்புல காத்து கூடப் போகுது, அவ்வளவுதான். அண்ணனுக்கு போன் போட்டேன், "ஒண்ணும் பண்ணாத, ஏசி, லைட்டு எல்லாம் ஆஃப்ல வச்சு, ஆக்ஸிலேட்டர தொடாம ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் ஓட விடு, அப்புறம் ஏசி போட்டு கொஞ்ச நேரம் விடு"ன்னாரு. முள்ளு மெதுவா இறங்கி 750ல வந்து உக்காந்துச்சு. ஏசி போட்டதும் லேசா ஏறிச்சு, ஆஃப் ஆகல, எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சில வண்டிக்கு இப்படி தானா பழகாது, ஸ்கேனர் மாட்டித்தான் ஐடில் ரீலேர்ன் (ஸ்லோவ புதுசா பழக வைக்கிறது) குடுக்கணும், அத முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

பிசிவி வால்வையும் மாத்திட்டேன், கழட்டி ஆட்டிப் பார்த்தா கடகடன்னு சத்தம் வரணும், என்னோடது ஒட்டிப் போயிருந்துச்சு. அத விட்டுட்டு த்ராட்டில மட்டும் தொடச்சா சீக்கிரமே மறுபடி படியும். கேபிள் டைப் த்ராட்டில் இருக்குற இன்னும் பழைய வண்டிகள்ல ஐடில் காத்துக்குன்னு தனியா ஐஏசி வால்வு இருக்கும், அங்க கரி சேர்றதாலயும் இதே தொல்லை வரும், அதையும் சேர்த்துப் பாருங்க.