தேத்தண்ணியும் தண்ணிதானே

கோத்தகிரியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?" கல்லூரியில் அப்படித்தான் பழக்கினார்கள். அந்தக் கேள்வி இந்த மலைக்குப் போதாது என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு பாட்டி.

டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயனில் இருப்பவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர். ராணியைக் கம்பளியில் சுற்றி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ராணிக்கு 9 வயது, கருத்தடை செய்யாத நாட்டு நாய். நன்றாகத்தான் சாப்பிடுகிறதாம், ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. ராத்திரி நாலு தடவை கதவைப் பிறாண்டிச் சிறுநீர் கழிக்கப் போகிறது.

"என்ன சாப்பாடு பாட்டி?"

"நாங்க திங்கிறதுதான் தாயி. சோறு, கொஞ்சம் கருவாடு."

"பிஸ்கட், இனிப்பு?"

"ஐயோ, அதெல்லாம் பழக்கலை."

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"குடிக்கிறாளே! விடியக்காலம் ஒரு தேத்தண்ணி, பதினோரு மணிக்கு ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு. அதுபோக பச்சத்தண்ணி சட்டி சட்டியா."

பாட்டி எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் தேத்தண்ணி சாப்பாட்டில் வராது, தண்ணியில் வரும். பேரிலேயே தண்ணி இருக்கிறதே. நான் தண்ணியைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் அந்த மூன்று வேளைச் சர்க்கரை என் நோட்டில் ஏறியிருக்காது.

காது மடல் ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். மீட்டர் 400-ஐத் தாண்டியது. நாய்க்கு 80 முதல் 120 வரை இருந்தால் சரி. சிறுநீரிலும் சர்க்கரை.

டீ குடித்துத்தான் ராணிக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாய்க்குப் பெரும்பாலும் கணையமே இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவதால் வருகிற நோய் இது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, பருவத்துக்குப் பிறகு ஊறுகிற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால் ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் நோய் வந்த பிறகு கணக்கு வேறு. காலையும் மாலையும் சாப்பாட்டோடு அளந்து இன்சுலின் போட வேண்டும். நடுவில் ஒரு தட்டு சர்க்கரைத் தண்ணீர் இறங்கினால் அளந்ததெல்லாம் வீண். கண்ணில் புரை விழுவதும் நாய்க்குச் சீக்கிரம் நடக்கும்.

முதல் இரண்டு வருடம் நான் திட்டுகிற டாக்டர். "டீ கொடுக்கிறீர்களா? நாய்க்கா?" என்று குரலை உயர்த்துவேன். விளைவு, அடுத்த முறை வந்தவர்கள் எல்லாரும் 'ஒண்ணும் கொடுக்கலை' என்றார்கள். அதற்கு நானேதான் காரணம். இந்தக் குளிரில் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பவர், எதிரே உட்கார்ந்து வாயைப் பார்க்கிற ஜீவனுக்கு இரண்டு வாய் ஊற்றாமல் எப்படிக் குடிப்பார்? இப்போது, "வீட்டில் யார் யார் டீ குடிப்பீர்கள்?" என்று கேட்கிறேன். "நான், அவர், பசங்க, அப்புறம் மணி" என்று விரல் விட்டுச் சொல்வார்கள். மணி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்.

ஒரு தட்டு டீயால் எந்த நாயும் செத்துவிடாது. அதனால்தான் நம்ப வைப்பது கஷ்டம். அதிலுள்ள காஃபீன் குட்டி நாய்க்குப் படபடப்பைக் கொடுக்கலாம். வடிகட்டிக் கொல்லைப்புறம் கொட்டுகிற சக்கையை மொத்தமாகத் தின்றால் வாந்தி, நடுக்கம் வரை போகும். மே மாத சீசனில் வேறு கூத்து. வியூ பாயிண்ட்டில் பாதி குடித்த கோலாவைக் கப்பில் ஊற்றி வைத்துவிட்டுப் படம் எடுப்பார்கள். 250 மில்லியில் கிட்டத்தட்ட 26 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூனுக்கும் மேல். 10 கிலோ நாயின் குடலுக்கு அது மொத்தமும் போனால் பேதிதான்.

பூனைக்காரர்களிடம் பேசுவது சுலபம். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்கிற மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். டம்ளரை நக்குவது பாலுக்காக. அந்தப் பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. "நீங்கள் போடுகிற சர்க்கரை அதற்கு ருசியே கிடையாதுங்க" என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

எனக்கு உண்மையில் பயம் சர்க்கரை இல்லாத இனிப்பைக் கண்டுதான். ஒருநாள் மாலை ஒரு பங்களாவிலிருந்து போன். விருந்தாளிக்குக் கலக்கி வைத்த எலுமிச்சை ஜூஸை நாய் காலி செய்துவிட்டது, இப்போது தள்ளாடுகிறது. "சர்க்கரையா போட்டீங்க?" "இல்லை டாக்டர், அவங்க கொண்டு வந்த சுகர் ஃப்ரீ பொடி." பாக்கெட்டைப் படிக்கச் சொன்னேன். சைலிட்டால். சில பாக்கெட்டில் 967 என்று எண் மட்டும் இருக்கும். மனிதருக்கு இந்த ஆபத்து இல்லை. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினை வாரி இறைக்கும்; அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். 10 கிலோ நாய்க்கு 1 கிராம் போதும். அதற்கு மேல் போனால் கல்லீரலும் கெடும். வழியில் அத்தனை கொண்டை ஊசி வளைவு. "நினைவு இருக்கா? தேனை விரலில் எடுத்து ஈறில் தடவிக்கிட்டே கிளம்புங்க" என்றேன். நாய்க்கு இனிப்பைக் கொடுங்கள் என்று நானே சொன்னது அன்றைக்குத்தான். குளுக்கோஸ் ஏற்றி, மூன்று நாள் கல்லீரலைக் கவனித்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டது.

ராணிக்கு வருகிறேன். பாட்டியிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. அதே நேரம், அதே அலுமினியத் தட்டு, உள்ளே மட்டும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் என்றேன். பேத்தி ஊசி போடப் பழகிக்கொண்டாள். மூன்று நாள் ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டதாம், நாலாம் நாள் நக்கிக் குடித்ததாம்.

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். எடை கூடியிருந்தது, முடியில் மினுமினுப்பு வந்திருந்தது. மீட்டர்தான் நான் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

"தேத்தண்ணி கொடுக்கிறீங்களா பாட்டி?"

"சத்தியமா இல்லை தாயி. வெறும் சுடுதண்ணிதான்." ராணியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வெறும் தண்ணியை எப்படிக் குடிப்பா? தொட்டுக்க ஒரு வர்க்கி."