சொன்ன காரணங்களும் சரிபார்க்காத கணக்குகளும்

ஓர் அரசாங்கம் போருக்குப் போகும்போதும், பயங்கரவாதத்தை ஒழிப்பதாகச் சொல்லி ஒரு சட்டத்தைக் கொண்டுவரும்போதும் காரணம் சொல்லத் தவறுவதில்லை. அந்தக் காரணம் சரியா பிழையா என்று அன்றைக்கு நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் காரசாரமாக வாதிடுவார்கள். பத்து வருடம் கழித்து அதே காரணத்தை மறுபடி எடுத்து, சொன்னபடி நடந்ததா என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது பெரிய வேலையல்ல. காலக்கெடுவும் எண்ணிக்கையும் பெரும்பாலும் அரசாங்கத்தின் வாயிலிருந்தே வந்தவை.

1979 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன இங்கே அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, பிரிகேடியர் வீரதுங்கவை அனுப்பி, அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதிக்குள் பயங்கரவாதத்தை இல்லாதொழிக்குமாறு கட்டளையிட்டார். அதே மாதத்தில் நிறைவேறிய 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று வருடங்களுக்கு மட்டுமே நடைமுறையில் இருக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1982 இல் அந்தக் கால எல்லையை ஒரு திருத்தத்தால் நீக்கிவிட்டார்கள். சட்டம் வந்தபோது சின்னஞ்சிறு குழுக்களாக இருந்தவை நான்கு வருடத்தில் ஒரு முழுப் போருக்கான இயக்கங்களாகிவிட்டன. இதற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததும் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்தவையும் இளைஞர்களை இயக்கங்களுக்கு அனுப்பிவைத்த அளவுக்கு எந்தச் சட்டப் பிரிவும் அனுப்பவில்லை. ஆனாலும் தந்த காலக்கெடுவும் சொன்ன நோக்கமும் இரண்டுமே தவறிய பிறகு, எதைக் கண்டு அதை நிரந்தரமாக்கினார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும்.

"மற்ற நாடுகளிலும் இப்படியான சட்டங்கள் உண்டு" என்பது கொழும்பிலிருந்து வழக்கமாக வரும் பதில். உண்டுதான். 1974 இல் பிரித்தானியா கொண்டுவந்த சட்டத்தைப் பார்த்துத்தான் எங்களுடையதற்குப் பெயரே வைத்தார்கள். அங்கே ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலம், அமைச்சர் அனுமதித்தால் மேலும் ஐந்து நாள் அன்று வைத்திருக்க முடிந்தது. இங்கே அமைச்சர் ஒப்பமிட்டால் மூன்று மாதம், நீடித்துக்கொண்டே போனால் 2022 வரை பதினெட்டு மாதம். பெயரை எடுத்தவர்கள் அளவை எடுக்கவில்லை.

காவலின் நீளத்தைவிட மோசமானது எங்கள் சட்டத்தின் 16 ஆம் பிரிவு. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது; அது பிரித்தானியர் காலத்திலிருந்து இருந்துவரும் விதி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அது சாட்சியம். அடித்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அடி வாங்கியவருடையது. 1993 இல் கைதான கிழக்கு மாகாணத் தமிழர் ஒருவரின் வழக்கில் இது எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்கலாம். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ்காரர், கீழே இருந்தது பெருவிரல் அடையாளம். அதை வைத்தே 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. வாக்குமூலம் சுயமாகக் கொடுக்கப்படவில்லை என்பதை அவரே நிரூபிக்க வேண்டுமெனக் கேட்டது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. 2006 இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது.

காரணங்களின் கணக்கு வழக்கறிஞர்களின் கோவைகளுக்குள் மட்டும் கிடப்பதல்ல. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று யாழ்ப்பாணத்துக்கு வராமல் தடுக்கப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளமானது. புலிகளின் கைக்குப் போய்விடும் என்பது காரணம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைக் கோத்து, அந்த வெளிச்சத்தில்தான் என் வயதுக்காரர்கள் சோதனைக்குப் படித்தார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் இழுபடும். இயக்கத்தின் பிக்கப்புகள் அந்த நாட்களிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

2009 இன் கணக்கு இவை எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது. மனிதாபிமான நடவடிக்கை என்று அரசாங்கம் அழைத்த அந்தப் போரில் பொதுமக்களுக்கு ஒரு உயிரிழப்பும் இல்லை என்பதே கொள்கை என்றார்கள். 2011 இல் பாதுகாப்பு அமைச்சே வெளியிட்ட அறிக்கை, இப்படியான போரில் பொதுமக்களின் இழப்பைத் தவிர்க்க முடியாதென்று ஒத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2009 பெப்ரவரியில், வன்னியில் அகப்பட்டிருப்போர் எழுபதாயிரம் பேர் வரையில்தான் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அனுப்பும் உணவும் மருந்தும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்பவே இருக்கும் என்பதால், குறைத்துச் சொன்ன ஒவ்வொரு தலைக்கும் ஒரு பங்கு நிவாரணம் குறைந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கு மிக எளிமையானது: 2008 ஒக்டோபரில் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059, இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? அந்தத் தொகையை இறந்தோர் தொகையாக எடுத்து முழங்குபவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆயர் கேட்டது விளக்கம். அரசாங்கத்தின் சொந்த உத்தியோகத்தர்கள் எழுதிய பதிவேட்டை வைத்துக் கேட்ட கேள்விக்கு, அரசாங்கம் வேறொரு பதிவேட்டைக் காட்டியாவது பதில் சொல்லியிருக்கலாம்.

பாதுகாப்பு என்ற காரணத்தை அரசாங்கம் மட்டும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன புலிகளும் அதே காரணத்தைத்தான் வைத்திருந்தார்கள். சிலர் காட்டிக்கொடுக்கலாம் என்பதற்காக முஸ்லிம்கள் வாழ்ந்த ஐந்துசந்திப் பகுதி முழுவதையும் காலியாக்கியதை இன்றும் நியாயப்படுத்துகிறவர், கொழும்பின் நியாயங்களை எதிர்க்கும்போது என்ன சொல்வார் என்று எனக்கு விளங்குவதில்லை.

2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் நீங்கியபோது, அதன் கீழிருந்த ஏற்பாடுகள் சிலவற்றைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளாகக் கொண்டுவந்தார்கள். 2022 இல் செய்த திருத்தம் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்கியது. வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை. 2023 மார்ச்சில் வெளியான மாற்றுச் சட்ட வரைவிலோ, தடுப்புக் கட்டளையிடும் அதிகாரம் அமைச்சரிடமிருந்து பிரதிப் பொலிஸ் மா அதிபருக்கு இறங்கியிருந்தது. சட்டத்தை நீக்குவதாக 2024 இல் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள் ஆட்சிக்கு வந்த பின்னரும் அதன் கீழ் கைதுகள் நடந்தன. இனி எந்த வரைவு வந்தாலும் நான் முதலில் தேடப்போவது தடுப்புக் கட்டளையில் ஒப்பமிடுபவர் யார், பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா, சட்டம் எந்தத் திகதியில் தானாகக் காலாவதியாகும் என்ற மூன்றையும்தான். முகவுரையில் சொல்லியிருக்கும் காரணத்தை நேரம் இருந்தால் பிறகு வாசிப்பேன்.