ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். மாங்கரை தாண்டி, மலை ஏறி இறங்கினால் ஆனைகட்டி. கொடுங்கரைப்பள்ளத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடி, பாலக்காடு மாவட்டம். போர்டு மலையாளத்துக்கு மாறுகிறது. பேச்சும் வெயிலும் மாறுவதில்லை. கேரளா என்றதும் பச்சைப்பசேலென்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பகுதி. நம்ம பல்லடம் பக்கம் போலவே காய்ந்து கிடந்தது.

அங்கே வாத்தியாராக இருக்கும் கல்லூரி நண்பன் ஜீப்போடு வந்திருந்தான். சோலையூர்ப் பக்கம் ஓர் இருளர் ஊருக்குக் கூட்டிப்போனான். இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று குடிகளுக்கும் சேர்த்து இங்கே 190 ஊர்களுக்கு மேல் உண்டு. 1951இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் இவர்கள்தான். இப்போது பாதிகூட இல்லை. வந்து நிலம் பிடித்தது மலையாளிகள் மட்டுமல்ல, நம்ம கோயமுத்தூர் ஆட்களும்தான். பறிபோன நிலத்தைத் திருப்பித் தர 1975இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு 1999இல் வேறொன்று கொண்டுவந்தார்கள். 2 ஹெக்டேர் வரை பிடித்தவர் பிடித்தபடியே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக்கு அரசு வேறெங்காவது நிலம் தரும் என்று. நிலம் போனதோடு ராகியும் சாமையும் போயின. தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. குழந்தை இறப்பு குறைவு என்று பெயர் வாங்கிய மாநிலத்தில், 2013இல் இந்த ஊர்களில் பச்சிளங்குழந்தைகள் வரிசையாகச் செத்தபோதுதான் டெல்லியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

நாங்கள் போன வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வீடு என்றா சொன்னேன்? அரசுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் ஆடுகள் இருந்தன. பாட்டி பக்கத்துக் குடிசையில், ஓலைக்கூரைக்குக் கீழே. மேல்தளம் போடாமலே ஒப்பந்தக்காரர் அடுத்த தவணை வந்ததும் வருகிறேன் என்று போனவராம். “ஆட்டுக்கு வெயில் படாதுல்ல தம்பி” என்றார், ஓரத்தில் சாத்தியிருந்த தகரத்தைக் காட்டி. அவர் பேசும் இருள மொழி பாதி புரிந்தது. எனக்காகத் தமிழை இழுத்துப் போட்டுப் பேசினார். மருமகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னார்: ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மலைப்பாதை இறங்கிப் போ என்றார்கள். ஜீப்பிலேயே பிறந்ததாம் பேத்தி. அந்தப் பேத்தி ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மது என்ற பழங்குடி இளைஞனைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. 2018 பிப்ரவரியில் அரிசி திருடினான் என்று காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, செல்ஃபி எடுத்து அடித்தே கொன்றார்களே, அந்த மது. தீர்ப்பு வரவே 2023 ஏப்ரல் ஆயிற்று. கேட்கவில்லை. ஊர் பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது.

கிளம்பும்போது பாட்டி விசாரித்தார், “உங்க ஊர்ல தண்ணி வருதா?”

பழக்கதோஷம். “எங்கீங்க பாட்டி, வாரத்துக்கு ஒருக்காத்தான் விடறாங்க, சிறுவாணியில தண்ணி இல்லைன்றாங்க” என்று புலம்பிவிட்டேன். நண்பன் என் முதுகில் இடித்தான். சிறுவாணி அணை இருப்பதே அட்டப்பாடி மலையில்தான். குகை வெட்டி, குழாய் போட்டு, அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன் நான். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு. பாட்டி வீட்டுக்கு வரிசையாகக் குடம் வைத்தால் லாரியில் வரும்.

“ஐயோ பாவம்” என்றார் பாட்டி. உண்மையாகவே வருத்தப்பட்டார். மூலையில் இருந்த குடத்தைச் சாய்த்து ஒரு சொம்பு எனக்கு நீட்டினார். அடிமண் கலங்காமல் மெதுவாகச் சாய்க்க அவருக்கு நேரம் பிடித்தது.