தரையில் படித்த சார்ட் கடலில் செல்லாது

கேபினில் என் முழங்காலுக்கு நேராக ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு குமிழி. தரையில் ஆறு வருடம் கிராலர் கிரேன் (டிராக் எனும் இரும்புப் பட்டையில் நகரும் கிரேன்) ஓட்டியபோது காலையில் ஒரு தடவை அதைப் பார்த்தால் போதும். கிரேன் மட்டமாக நிற்கிறது என்று தெரிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவேன். கிரேனைச் சுமக்கும் தட்டையான மிதவையான பார்ஜில் ஏறிய முதல் நாள், ஹூக்கில் எதையும் மாட்டாமல் சும்மா கிரேனின் நீண்ட கையான பூமை வலது பக்கம் திருப்பினேன். குமிழி நகர்ந்தது. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தேன், அதுவும் கூடவே வந்தது. வயிற்றைப் பிசைந்தது.

சிங்கப்பூருக்கு வந்தபோது நான் ரிக்கர். லோடைக் கிரேனில் மாட்ட ஸ்லிங் கட்டுவதும் ஷேக்கிள் பூட்டுவதும்தான் வேலை. அப்புறம் கிரேன் கோர்ஸ், மருத்துவப் பரிசோதனை, தேர்வு, மனிதவள அமைச்சில் ஆபரேட்டராகப் பதிவு என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அந்த வழி நம் ஆட்கள் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். ஜூரோங் தீவுப் பக்கம் ஒரு ஜெட்டி (படகுத்துறை) வேலைக்கு என்னை மாற்றினார்கள். கையில் கார்டு இருந்தும், தனியாக லோடு தூக்க விட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்துக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பார்ஜ் 180 அடி நீளம், 60 அடி அகலம். அதன் மேல் 135 டன் கோபெல்கோ கிரேன். தளத்தில் மரப்பலகை மேட் விரித்து, டிராக்கின் இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் வெல்டிங் வைத்து, சங்கிலி போட்டு இறுக்கியிருந்தார்கள். 135 டன் என்பது பூம் கிட்டத்தட்ட நிமிர்ந்து, லோடு காலடியில் இருக்கும்போது கிடைக்கிற எண். ரேடியஸ், அதாவது கிரேனின் நடுவிலிருந்து லோடு வரை உள்ள கிடைத் தூரம், கூடக்கூட அந்த எண் சரசரவென்று இறங்கும். இது எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, நான் லீவரைத் தொடாமலேயே ரேடியஸ் கூடும் என்பது.

அங்கே இருந்த சீனியர் ஆபரேட்டர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். கடல் வேலையில் இருபது வருடம். முதல் நாளே ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, ரெண்டு வாரம் லீவர் பக்கம் வராதே. நான் எந்தப் பக்கம் திருப்புறேன், எவ்வளவு லோடு, குமிழி எங்கே நிக்குதுன்னு மட்டும் எழுது."

"அண்ணே, எவ்வளவு தூக்கலாம்னு சார்ட்தான் இருக்கே?"

"எந்தச் சார்ட்? நீ படிச்சது தரைச் சார்ட். அதை மடிச்சுப் பையில வை."

அவர் சொன்னது கணக்கோடு புரிய ஒரு வாரம் ஆனது. தரையில் ஓட்டும் கிரேனின் சார்ட், அது ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. பல தயாரிப்பாளர்கள் ஒரு சதவீதச் சாய்வுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. அது அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பார்ஜிலோ, லோடு ஏறியதும் அந்தப் பக்கம் தாழும். பூம் நுனி 40 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு டிகிரி சாய்வுக்கே நுனி சுமார் 70 சென்டிமீட்டர் வெளியே போய்விடும். ரேடியஸ் கூடினால் பார்ஜ் இன்னும் சாயும், சாய்ந்தால் ரேடியஸ் இன்னும் கூடும். அதனால் பார்ஜுக்கென்று ஒரு டிகிரிக்கு, இரண்டு டிகிரிக்கு, மூன்று டிகிரிக்கு எனத் தனித்தனியாகக் குறைத்த சார்ட் இருக்கும். அதை அந்தப் பார்ஜோடு சேர்த்துக் கணக்கிட்டு என்ஜினியர் கொடுக்க வேண்டும். வேறு பார்ஜுக்குப் போட்டது இதற்கு உதவாது.

சாய்வால் இன்னொரு கெடுதலும் உண்டு. பூம் தன் நேர்கோட்டில் சுமக்கத்தான் கட்டப்பட்டது. பார்ஜ் பக்கவாட்டில் சாய்ந்தால் லோடு பூமைக் குறுக்கே இழுக்கும். லோடு மீட்டரில் எண் சரியாகவே இருக்கும், பூம் மட்டும் முறுக்கத்தில் நிற்கும். மீட்டரை மட்டும் நம்பி ஓட்டுகிறவரை இதுதான் ஏமாற்றும்.

நோட்டில் எழுத எழுத எனக்கு அப்பாவின் வல்லம் படகு ஞாபகம் வந்தது. தங்கச்சிமடத்தில் ஒரு பக்கமாக வலையை இழுக்கும்போது, சும்மா இருக்கிறவர்கள் யாரும் சொல்லாமலே மறுபக்கம் நகர்ந்துகொள்வார்கள். அணியத்துக்கு (முன்முனைக்கு) நேராக இழுத்தால் வல்லம் அவ்வளவு ஆடாது. பார்ஜும் அப்படித்தான்: நீளவாக்கில் தூக்கினால் தாங்கும், அகலவாக்கில் தூக்கினால் சட்டென்று சாயும். சின்ன வயதில் உடம்பில் ஏறியிருந்த விஷயம், கிரேன் கேபினில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு எழுத்தில் வந்தது.

மூன்றாவது வாரம் லீவர் கைக்கு வந்தது. முதலில் ஸ்டீல் கேசிங், அதாவது பெரிய இரும்புக் குழாய். ஒரு மீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் கனம், 24 மீட்டர் நீளம், ஏழு டன். எடை பெரிதில்லை. ஆனால் அதைச் சரக்குப் பார்ஜிலிருந்து எடுக்க வேண்டும், அந்தப் பார்ஜ் அதன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், நான் நிற்கிற பார்ஜ் வேறு தாளத்தில் ஆடும். தரைப் பழக்கத்தில் மெதுவாகத் தூக்கினேன். கேசிங் தளத்தை விட்டு ஒரு சாண் எழும்பியது, அதற்குள் சரக்குப் பார்ஜ் மேலே வந்து அடியில் இடித்தது. கயிறு தொய்ந்து, அடுத்த நொடி வெடுக்கென்று இழுத்தது. அண்ணன் வாக்கிடாக்கியில் கத்தவில்லை. "இறக்கி வை. அலையை எண்ணு" என்றார், அவ்வளவுதான். கயிற்றை இறுக்கிப் பிடித்து, அந்தப் பார்ஜ் உச்சிக்கு வரும் நேரத்தில் நிற்காமல் ஏற்ற வேண்டும். அது கீழே போகும்போது லோடு மேலே போய்விடும், இடிக்காது. சொல்ல இரண்டு வரி. கைக்கு வர ஒன்பது நாள்.

நான் செய்த பெரிய தவறு ஐந்தாவது வாரம். பார்ஜின் ஆங்கர் வயரைப் பிடித்திருந்த ஒரு கான்கிரீட் சிங்கரை, அதாவது எடைக்கல்லை, கடலடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. நாலு கன மீட்டர். காற்றில் கிட்டத்தட்ட ஒன்பதரை டன். தண்ணீருக்குள் இருக்கும்போது கடல்நீரே நாலு டன்னைத் தாங்கிக்கொள்ளும், மீட்டரில் ஐந்தரைதான் காட்ட வேண்டும். நான் இழுத்தபோது ஐந்தரை வந்தது, ஏழு வந்தது, ஒன்பது வந்தது, கல் அசையவில்லை. சேற்றின் உறிஞ்சல். நிறுத்தியிருக்க வேண்டும். சார்ட்டில் இடம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பதினொன்று. குமிழி அதுவரை நான் பார்க்காத இடத்தில் நின்றது. திடீரென்று சேறு விட்டது. மீட்டர் ஐந்துக்கு விழுந்தது, பார்ஜ் எதிர்ப்பக்கம் புரண்டு திரும்பியது, பூம் பின்னால் துள்ளியது. தளத்தில் நின்ற பங்களாதேஷ் தம்பி ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. என் கை லீவரில் இருந்தது, எடுக்க முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகியிருந்தன.

அன்று வேலையை நிறுத்தி, லிஃப்டிங் சூப்பர்வைசர் எல்லோரையும் தளத்தில் உட்கார வைத்துப் பேசினார். நான் செய்ததை நானே சொன்னேன். சேற்றில் மாட்டியதை இழுத்து ஜெயிக்கக் கூடாது. முதலிலேயே ஒரு மேல் எண்ணை முடிவு செய்து, அதைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். டைவர் வாட்டர் ஜெட் போட்டு அடியில் தண்ணீர் போக வழி செய்வார். கயிற்றை இறுக்கிவிட்டுக் காத்திருப்பதும் ஆபத்து. சிங்கப்பூரில் பெரிய ஏற்ற நாட்களில் தண்ணீர் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும், அது பார்ஜையும் மேலே தூக்கும். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கயிற்றில் லோடு ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று, கல் தண்ணீரை விட்டு வெளியே வரும் அந்த இடம். ஐந்தரையாக இருந்தது ஒன்பதரையாக மாறுவது அங்கேதான். பிளானில் காற்றில் உள்ள எடையைத்தான் எழுத வேண்டும்.

காற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் புயல்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு எங்கள் ஊரில் கச்சான் என்று பெயர். மேற்கே வானம் கறுத்து, முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் லோடை இறக்குவேன். எங்கள் பூமை அதன் தாங்கியான ரெஸ்ட்டில் கிடத்த கால் மணி நேரம் ஆகும்.

எட்டாவது வாரம் என்ஜினியரும் சூப்பர்வைசரும் முன்னால் நின்று சோதித்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னது அரை மணி நேரம், கேள்வி ஒன்றரை மணி நேரம். எந்தச் சாய்வில் நிறுத்துவாய், பார்ஜைச் சமன்படுத்தத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் டேங்க் பாதி நிரம்பியிருந்தால் என்ன ஆகும், வேகப்படகு கடந்தால் தொங்குகிற லோடை என்ன செய்வாய். பாதி டேங்க்கில் தண்ணீர் சாய்கிற பக்கமே ஓடும், சாய்வைக் கூட்டும், அதனால் டேங்க் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் அல்லது காலியாக இருக்க வேண்டும் என்றேன். படகு வந்தால் ஆட்டத்தைத் துரத்தாமல், முடிந்த அளவு தாழ்த்தி, லோடில் கட்டிய டேக் லைன் கயிற்றைப் பிடிக்கச் சொல்வேன் என்றேன். கடைசியாக அண்ணன் கொடுத்த நோட்டை நீட்டினேன். என்ஜினியர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஐந்தாவது வாரத்துப் பக்கத்தில் நின்றார். அதில் தேதியும் "11 டன்" என்ற எண்ணும் மட்டும்தான் இருந்தன. சிங்கர் கதையை மறுபடி முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் கேசிங். அண்ணன் கேபினுக்கு வரவில்லை. தளத்தில் சிக்னல்மேன் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் குமிழியைப் பார்த்தேன், அலையை எண்ணினேன், மூன்றாவது உச்சியில் தூக்கினேன். இடிக்காமல் எழும்பியது. புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: 7 டன், இடது பக்கம், குமிழி முக்கால் டிகிரி.